எமனுக்கும் ஒரு சந்நிதி: திருக்கடையூரிலிருந்து மேட்டுக்குப்பம் வரை

வெள்ளி, திருக்கடையூர்

விடிந்தும் விடியாமலும் அமிர்தகடேஸ்வரர் கோயில் பிராகாரம் முழுக்கக் கல்யாணம். ஒரு பக்கம் நாயனம், ஒரு பக்கம் ஹோமப் புகை. மணமக்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கிறது. அறுபது நிறைந்தவர்களுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். பக்கத்துக் கூட்டத்தில் ஒரு தாத்தா, பாட்டியின் கழுத்தில் மாலை போட எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேரன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டிக்கு வெட்கம் தாங்கவில்லை.

எங்கள் அத்தானுக்கு அறுபது. திருச்சியிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறோம். அக்காவையும் அத்தானையும் மணையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, கலசத் தண்ணீரை ஒவ்வொருவராக ஊற்றினோம். முதலில் பிள்ளைகள், அப்புறம் நாங்கள். கார்த்திகை ஈரக் காற்றில் அக்காவுக்குப் பல் தந்தியடித்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். நீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் அழுததை நான் பார்த்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்க்கண்டேயன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினாறு வயதுதான் ஆயுள் என்று வரம் வாங்கிப் பிறந்த பிள்ளை, லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுகிறது. சிவன் வெளிப்பட்டுக் காலனை உதைக்கிறார். கால சம்ஹார மூர்த்திக்கு முன்னால் நின்றுதான் இத்தனை ஜோடிகளும் ஆயுள் கேட்கிறார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. எமன் விழுந்த பிறகு உலகத்தில் சாவே இல்லை. பிறப்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. பாரம் தாங்காமல் பூமாதேவி வந்து முறையிட, சிவனே எமனை எழுப்பித் தருகிறார். ஆயுள் கேட்கிற ஊரின் கதையிலேயே, சாவில்லாத உலகம் எப்படித் திணறும் என்பதும் இருக்கிறது. இந்தப் பாதியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கலிபோர்னியாவில் சாஃப்ட்வேர் வேலை.

"சித்தி, நான் இருக்கிற ஊர்ல சாவையே ஒரு நோய்னு சொல்றவங்க இருக்காங்க. மருந்து கண்டுபிடிச்சிடலாம்னு நம்புறாங்க. அதுவரைக்கும் உடம்பை உறைய வெச்சுக்கிறவங்களும் உண்டு."

எனக்குத் தெரியும். ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர் 1967இல் இறந்தபோது அப்படிச் செய்தார்கள். அந்த உடல் இன்றும் அமெரிக்காவில் அரிசோனாவில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது. ஐ.சி.யூ. நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரிச் செய்திகளைத் தேடிப் படிப்பேன்.

"நீ என்னடா நினைக்கிறே?"

"அப்பாவுக்கு இன்னும் நாப்பது வருஷம் கிடைச்சா வேண்டாம்னா சொல்வேன்?"

நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாழ ஆசைப்படுவதை அறியாமை என்று பேசுகிற வைராக்கியம் எனக்குப் பிடிக்காது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதையொட்டி இருந்தது. பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்ததால்தான் சராசரி அவ்வளவு கீழே கிடந்தது. என்றாலும் அறுபதைத் தொட்டவர் ஊரில் குறைவு. இப்போது அந்தச் சராசரி எழுபதை ஒட்டி வந்துவிட்டது. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், பிரசவ ஆஸ்பத்திரி, உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அதைச் செய்தவர்களும் எமனோடு மல்லுக்கு நின்றவர்கள்தான்.

மாலையில் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் தங்கிவிட்டேன். இந்தப் பக்கத்துக் கோயில்களில் எனக்கு வேறு தேடல் இருக்கிறது. சாவை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி நடத்துகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணம்.

சனி, திருக்கடவூர் மயானம், தரங்கம்பாடி

திருக்கடையூருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு சிவன் கோயில். பெயரே திருக்கடவூர் மயானம். திருமெய்ஞ்ஞானம் என்றும் சொல்கிறார்கள். பிரம்மாவை எரித்துச் சாம்பலாக்கி மறுபடி படைத்த இடம் என்பது தலபுராணம். நேற்று அத்தனை கூட்டம், இன்று இங்கே நானும் ஒரு குருக்களும் மட்டும்.

இந்த ஊருக்கு வந்ததே ஒரு கிணற்றைப் பார்க்கத்தான். காசி தீர்த்தம் என்று பெயர். மார்க்கண்டேயனுக்காகக் கங்கையே இதில் வந்ததாக ஐதீகம். அமிர்தகடேஸ்வரருக்குத் தினசரி அபிஷேகத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. வேறு சந்நிதிகளுக்கு இந்தத் தண்ணீர் கிடையாது. ஆயுள் தருகிற சாமி குளிப்பது மயானத்துத் தண்ணீரில். குருக்களிடம் அதைச் சொன்னேன். "ஆமாம்மா, அப்படித்தான் வெச்சிருக்கா" என்றார், ரொம்பச் சாதாரணமாக. அவருக்கு அது தினப்படி வேலை. எனக்கு அந்தக் கிணற்றடியை விட்டு நகர மனசு வரவில்லை.

பிற்பகல் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, ராஜ வீதி, புதிய எருசலேம் ஆலயம். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1719இல் இறந்தபோது வயது 36. அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கொடுத்த மனிதருக்கு நாற்பதைக்கூடத் தொட வாய்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் பலருக்கு இதே கதிதான். கடைசி நாளில் உடம்போடு எழுந்திருப்போம் என்ற நம்பிக்கையில் புதைத்திருக்கிறார்கள். நேற்று பார்த்தது இந்த உடம்பின் நாளைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டவர்களை. இங்கே படுத்திருப்பவர்கள் அதே உடம்பைத் திரும்பக் கேட்டவர்கள்.

கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்துப்போனார்கள். அவர் வீட்டில் இரண்டு பேர். "எரிக்கவும் இல்ல, தனியா பொதைக்கவும் இல்லக்கா. மொத்தமா குழி வெட்டிப் போட்டாங்க. எந்தக் குழின்னு தெரிஞ்சிருந்தா ஒரு பூ வெச்சிருப்பேன்." அழியாமல் இருக்கும் ஆசை பற்றி எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மா கேட்பது ஒரு குழி எது என்று மட்டும்தான். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். ராத்திரி மயிலாடுதுறையில் அறை எடுத்தாயிற்று.

ஞாயிறு, ஸ்ரீவாஞ்சியம்

நன்னிலம் வழியாக பஸ். கார்த்திகை ஞாயிறு என்பதால் குப்தகங்கைக் குளத்தில் நல்ல கூட்டம். கரையில் ஈரத் துணி, பிளாஸ்டிக் குடம், எண்ணெய் வாசனை. ஒரு பெண் தன் மாமியாரை இடுப்பைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார். "பாத்து அத்தை, பாசி இருக்கு" என்று பத்து தடவை சொல்லியிருப்பார்.

இந்த ஊரில் முதல் கும்பிடு எமனுக்கு. குளத்தங்கரையில் எமனும் சித்திரகுப்தனும் தனிச் சந்நிதியில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வாஞ்சிநாதரைப் பார்க்கப் போக வேண்டும். மாசி பரணியில் சிவனே எமனை வாகனமாகக் கொண்டு புறப்படுகிறார். திருக்கடையூரில் காலடியில் கிடந்தவர் இங்கே சாமியைத் தோளில் சுமக்கிறார்.

தலக்கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. உயிர்களை எடுக்கிற வேலையால் எல்லாரும் தன்னைப் பழிக்கிறார்கள், பயப்படுகிறார்கள், வெறுக்கிறார்கள் என்று எமனுக்கு மனசு நொந்துபோகிறது. திருவாரூரில் போய் முறையிட, அங்கிருந்து இங்கே அனுப்புகிறார்கள். இங்கே தவமிருக்கிறார், சிவன் காட்சி தருகிறார். எமனுடைய மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு ஊர் நம்மிடம் இருக்கிறது என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. ஐ.சி.யூ. வாசலில் கெட்ட செய்தி சொல்லப் போகிற ஜூனியர் டாக்டர்களின் முகம் ஞாபகம் வந்தது. உள்ளே கையைக் கழுவிக்கொண்டே நிற்பார்கள். வெளியே போக முடியாமல் மறுபடி கழுவுவார்கள்.

எமன் முன்னால் நின்று ஜனங்கள் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "இழுத்துக்கிட்டுக் கெடக்காமப் போய்ச் சேரணும், அவ்வளவுதாம்மா. வேறென்ன கேக்குறது?" என்றார். எழுபது வயதிருக்கும். பக்கத்தில் மனைவி தலையாட்டினார். நீண்ட ஆயுள் கேட்கிற ஊருக்கும் நல்ல சாவு கேட்கிற ஊருக்கும் நடுவில் ஒரு காலைப் பொழுதுக்குரிய பஸ் தூரம்தான். இரண்டுக்கும் போய் வருவது பெரும்பாலும் அதே ஆட்கள்.

திங்கள், திருவாவடுதுறை

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகிற வழி. ஆதீன மடத்தைத் தாண்டி கோமுக்தீஸ்வரர் கோயில். வெளிப் பிராகாரத்தில் மேற்குப் பக்கம் திருமூலர் சமாதி.

கயிலையிலிருந்து வந்த யோகி, சாத்தனூர் பக்கம் மூலன் என்ற இடையன் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறார். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துக்கம் தாங்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகள் மகிழ்ந்து மேய்கின்றன. திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பைக் காணோம். அப்புறம் ஆவடுதுறை அரசமரத்தடியில் உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாட்டு சொன்னார் என்பது கதை. உடம்பை வளர்த்தால் உயிர் வளரும் என்று சொன்னவரும் அவர்தான். ஊரே கூடி அழுது, பேரை எடுத்துவிட்டுப் பிணம் என்று பேர் வைத்து, சுட்டுவிட்டுக் குளித்ததோடு நினைப்பையும் கழுவிவிடுகிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

எல்லாரும் மூவாயிரம் வருஷத்தைப் பேசுகிறார்கள். எனக்கு மூலனுடைய மனைவியை விட்டு மனசு போகவில்லை. சாயங்காலமாகியும் புருஷனைக் காணோமே என்று தேடி வருகிறாள். புருஷன் நிற்கிறான், மூச்சு இருக்கிறது, பார்க்கிறான். தொடப் போனால், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறான். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். அவர்களும் வந்து பார்த்துவிட்டு, இவர் இனி உன் வழிக்கு வரமாட்டார் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும். கை சூடாக இருக்கும். மானிட்டரில் கோடு ஓடும். மூளை போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருப்பார். "மூச்சு வருதே சிஸ்டர்" என்பார்கள். நான் என்ன சொல்ல முடியும்? ஒரு பெண், கணவர் காதோரம் குனிந்து மகள் மார்க் ஷீட்டைப் பாடம் பாடமாக வாசித்தாள். கணக்குக்கு வந்ததும் குரல் உடைந்தது, அதில்தான் நூறு. வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு கேக்கலல்ல?" என்றாள். அவளுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல நாள் அந்த மெஷின் ஓடியது. ஏனென்றால் நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீள வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்க இந்தியாவில் இடமுண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரி போதும். நான் எழுதி வைத்துவிட்டேன். படிக்கிறவர்கள் வீட்டில் பேசுங்கள். அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டால், கடைசியில் அந்தப் பாரம் முழுக்க ஒரு மனைவி தலையிலோ மகன் தலையிலோ வந்து விழும்.

செவ்வாய், வடலூர்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியாக வந்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இராமலிங்க வள்ளலார் சாகாமல் இருக்க முடியும் என்று நேரடியாகவே சொன்னவர். அதற்கு அவர் வைத்த பெயர் மரணமிலாப் பெருவாழ்வு. கற்க வேண்டிய கல்வி சாகாக் கல்வி என்றார். செத்தவரை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும், அழக் கூடாது, கருமாதி திதி வேண்டாம் என்றார். உருவகமாகப் பேசினார் என்று நான் நினைக்கவில்லை, இந்த உடம்பையேதான் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வடலூரில் முதலில் மூட்டியது சமையல் அடுப்பு. 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கியது. பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஞானசபை 1872 ஜனவரியில் தைப்பூசத்தன்றுதான் திறந்தது, அடுப்பு அதற்கு முன்னாலேயே எரிய ஆரம்பித்துவிட்டது.

அடுப்படியில் நின்று பார்த்தேன். மண்ணும் கரியும் பூசிப் பூசித் தடித்த அடுப்பு. சுவரெல்லாம் கருப்பு. பெரிய அண்டாவில் சோறு கொதிக்கிறது. துடுப்பு மாதிரி நீளக் கரண்டியால் ஒருவர் கிளறிக்கொண்டிருந்தார். அவர் முழங்கை வரை சுட்ட வடு. "புடிச்ச வேலைம்மா, காயமெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார். பந்தியில் என் வலது பக்கம் ஒரு லாரி டிரைவர், இடது பக்கம் அழுக்கு மூட்டையோடு ஒரு பெரியவர். பேர் என்ன, ஊர் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சாம்பார் சாதம். பெரியவர் மூன்றாம் முறை கேட்டார், போட்டார்கள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் முந்தின நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்.

பசியும் சாவும் அந்த நூற்றாண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. சென்னை மாகாணத்தில் 1876இல் தொடங்கிய பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். வள்ளலார் மறைந்து இரண்டு வருஷம் கழித்து வந்த பஞ்சம் அது. அடுப்பு அப்போதும் எரிந்திருக்கிறது. சாகாத வாழ்வைக் கேட்டவர் அதை எல்லா உயிருக்கும் சேர்த்துக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், அன்றைக்குப் பசியால் போகவிருந்த உயிரைப் பிடித்து நிறுத்தினார். அரிசோனா குளிர்த் தொட்டியிலிருந்து அவரைப் பிரிப்பது இந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. திருக்கடையூரிலும் பிள்ளைகள்தான் அப்பா அம்மாவுக்காகத் தண்ணீர் ஊற்றினார்கள். தனக்கென்று மட்டும் ஆயுள் கேட்டவரை இந்த வழியில் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஞானசபைக்குள் புலால் உண்பவர்கள் போகக் கூடாது என்று வள்ளலார் விதி. நான் மீன் சாப்பிடுகிறவள், அதனால் வெளியிலேயே நின்றேன். எண்கோணக் கட்டடத்தைச் சுற்றிவிட்டு மர நிழலில் உட்கார்ந்தேன். உள்ளே ஜோதிக்கு முன் ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு விலகும், தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும்.

புதன், மேட்டுக்குப்பம்

வடலூரிலிருந்து ஆட்டோ. சித்தி வளாகம் சின்ன இடம். வள்ளலார் கடைசியாக இருந்த திருஅறை பூட்டியிருக்கிறது. வெளியே விளக்கு. வெள்ளை உடுத்து முக்காடிட்ட சில பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

1874 ஜனவரி 30 இரவு அவர் இந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். திறக்க வேண்டாம், திறந்தாலும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது சன்மார்க்க அன்பர்கள் சொல்வது. தென்னாற்காடு மாவட்டத்துக்கு 1906இல் கெஜட்டியர் என்ற விவரநூல் எழுதிய வெள்ளைக்கார அதிகாரி பிரான்சிஸ் இதைக் குறித்திருக்கிறார். உள்ளே போனவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை, அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது என்பது அவருடைய குறிப்பு. பின்னால் அதிகாரிகள் வந்து திறந்து பார்த்ததாகவும் உள்ளே ஒன்றுமில்லை என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒளியானார் என்பவர்கள் உண்டு. சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

நான் எத்தனையோ உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, கால் கட்டைவிரலைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். உடம்பு ஒளியாகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க பாத்தது அம்புட்டும் செத்த உடம்புதானேம்மா. சாகாத உடம்பைப் பாத்ததில்லையே."

"நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?"

"இல்ல. ஆனா சாவு வந்துதான் தீரும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டா, யாருதான் மல்லுக்கு நிக்கிறது? நீங்க ஆஸ்பத்திரியில என்ன பண்ணீங்க? வரட்டும்னு உக்காந்திருந்தீங்களா?"

உட்கார்ந்திருக்கவில்லை. நெஞ்சை அழுத்தி அழுத்தி விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் நிறுத்தாத ராத்திரிகள் உண்டு. சில பேர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்."

"எப்ப நிறுத்தணும்னும் எனக்குத் தெரியும் ஐயா. அதுல நான் உங்க ஆளு இல்ல."

"சரி, அது உங்க படிப்பு" என்றார்.

தைப்பூசம் முடிந்து திருஅறை தரிசனத்துக்கு வரச் சொன்னார். அந்தச் சமயம் தருமச்சாலையில் பந்தி பரிமாற ஆள் போதாதாம், கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிப் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு வரலாம். அத்தான் சாம்பார் வாளி தூக்குவார், இப்போதுதானே அறுபது.